கோச்சி வீடுகள்

கொக்குவிலில் எங்கள் வீட்டு நடு மண்டபத்தில் குளிர்காய்வதற்கு ஒரு கணப்பு மாடம் இருந்தது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் ஊரில், ஆள் குனிந்து நுழையக்கூடிய மாடம் ஒன்று. அதற்கு மேலே கூரையைத் தாண்டி எழும்பி நிற்கும் கல் புகைக்கூண்டு ஒன்று. எனக்கு நினைவு தெரிந்து அதற்குள் ஒருவரும் ஒரு நெருப்புக்குச்சிகூடக் கிழித்ததில்லை. அம்மா அதற்குள் தையல் மெசினை வைத்திருந்தார். ஊரார் எங்கள் வீட்டைக் கோச்சி வீடு என்பார்கள். கோச்சி என்றால் எங்களுக்கு ரயில். புகைக்கூண்டைப் பார்த்தும், கட்டியவரின் உத்தியோகத்தை நினைத்தும் வைத்த பெயர்.

கட்டியவர் அம்மாவின் தகப்பன். மலாயாவில் ரயில்வேயில் இருந்தவர். அங்கே பக்கத்துப் பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்த யாழ்ப்பாணத்தார் மூன்று பேருக்கும் ஒரே யோசனை. மூவருக்கும் பெண்பிள்ளைகள், பிள்ளைக்குச் சீதனமாக ஊரில் ஒரு வீடு வேண்டும். வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவரிடம் இருந்த வெளிநாட்டுச் சஞ்சிகையில் ஸ்பானியப் பாணி பங்களா ஒன்றின் படம் கிடைத்திருக்கிறது. முன்னுக்கு மூன்று வளைவு, முறுக்கின தூண், அரைவட்ட ஓடு, வெள்ளைச் சுவர். மூன்று பேரும் அந்தப் படத்தை ட்ரேசிங் துணியில் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். ஸ்பெயினை அவர்களில் ஒருவரும் கண்டதில்லை. படத்தில் கணப்பு மாடம் இருந்தது, அதனால் கட்டினார்கள். எங்கள் ஊரில் குளிரே இல்லையே என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்களா? கேட்டிருப்பார்கள். ஆனால் படத்தில் உள்ள ஒன்றை விட்டுவிட்டால், சீதனத்தில் குறைத்துப்போட்டார் என்று மாப்பிள்ளை பகுதி கதைக்கும். அந்தப் பயத்தில் மூன்று பேரும் காசைக் கொட்டி மூன்று புகைக்கூண்டு எழுப்பினார்கள்.

இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கொக்குவில் போக, மற்ற இரண்டில் ஒன்று மானிப்பாயில், ஒன்று சுன்னாகத்தில் என்பதும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. தோன்ற வைத்தது எண்பத்தேழு ஐப்பசியில், இந்திய ஆமியோடு நடந்த சண்டையில், எங்கள் முற்றத்தில் விழுந்த ஷெல்.

நாங்கள் அப்போது கோயிலில் சனத்தோடு சனமாக இருந்தோம். திரும்பி வந்தபோது முன் வளைவு மூன்றும் முற்றத்தில் கல்லுக் குவியலாகக் கிடந்தன. ஓடு பாதி போய்விட்டது. மண்டபத்துச் சீலிங்கில் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. ஓட்டை மாற்றினோம், வெடிப்பைப் பூசினோம். அம்மாவுக்கு வளைவுதான் துக்கம்.

"பல்லுக் கொட்டின கிழவி மாதிரிக் கிடக்கு, பிள்ளை" என்று ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லுவார்.

அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஓய்வுபெற்ற ஓவசியர். வாழ்நாள் முழுக்க ரோட்டுப் போட்டவர். ரோட்டு ஒருவர் தலையிலும் விழாது, அதனால் அவர் பிழை விட்டாரா என்று யாருக்கும் தெரிய வராது. அவர் மண்டபத்தில் நின்று புகைக்கூண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

"அக்கா, நல்ல பொழிகல்லு முழுக்க உதுக்குள்ளை சும்மா கிடக்கு. இதை இறக்கினால் மூண்டு வளைவும் பழையபடி கட்டிப்போடலாம். சீமெந்து விக்கிற விலைக்கு வேறை என்ன செய்யிறது?"

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் இறக்கக் கூடாது என்றேன். ஏனென்று சொல்கிறேன். நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கட்டடப் படம் கீறுகிறவள். கலியாணம் கட்டவில்லை, அந்த வீட்டில் அம்மாவோடு இருந்தேன். சீலிங்கைப் பூசியபோது ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்திருந்தேன். மண்டபத்துக்கும் அம்மாவின் படுக்கை அறைக்கும் மேலாகப் போகும் பெரிய உத்தரம் நேரே புகைக்கூண்டுக்குள் நுழைகிறது. நுழைந்து, அதற்குள்ளேயே முடிகிறதா, இல்லை அதைத் தாண்டிப் பின்சுவர் வரைக்கும் போய் அங்கே இருக்கிறதா? சுற்றிவரக் கல், சாந்து. பார்க்க முடியாது. பின்சுவர் வரை போனால் புகைக்கூண்டு சும்மா நிற்கும் கல், தாராளமாக இறக்கலாம். அதற்குள்ளேயே முடிந்தால், புகைக்கூண்டை இறக்கிற அன்றைக்குக் கூரையும் சேர்ந்து இறங்கும், அம்மாவின் கட்டிலுக்கு மேலே.

"உத்தரம் பின்சுவர் மட்டுக்கும் போகும்" என்றார் மாமா. "எங்கடை ஐயா மரத்திலை கஞ்சத்தனம் பிடிக்கிற ஆள் இல்லை."

"ஐயா படத்தை மீறுற ஆளும் இல்லை. அதாலைதானே குளிர் இல்லாத ஊரிலை குளிர்காய இடம் வச்சவர். படத்திலை எப்பிடிக் கிடந்துதோ அப்பிடித்தான் உத்தரமும் கிடக்கும்."

"அப்ப படத்தைக் காட்டன் பாப்பம்."

படம் கறையானுக்குப் போய் எத்தனையோ வருடம். மாமாவுக்கும் அது தெரியும். பங்குனி பிறந்து வரும் முதல் திங்கள் நல்ல நாள், மேசனுக்குச் சொல்லியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா என் பக்கம் பார்க்கவில்லை.

"அவன் ஓவசியர், பிள்ளை" என்றார்.

அறையை மாற்றிப் படுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டார். சரி, படம் இல்லாவிட்டால் என்ன, அதே படத்தில் கட்டின வீடு இன்னும் இரண்டு இருக்கிறதே என்று சைக்கிளை எடுத்தேன்.

முதலில் மானிப்பாய். ஆஸ்பத்திரியைத் தாண்டி ஒரு கடையில் நின்று, இங்கே புகைக்கூண்டு வைத்த வீடு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "கோச்சி வீடோ?" என்றார். அதே பெயர்! கோச்சியே ஓடாத மானிப்பாயில். ஒழுங்கைக்குள் திரும்பினால், என் வீடு. மூன்று வளைவும் முழுசாக, சுண்ணாம்பு அடித்து, வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ஆனால் ஏதோ ஒன்று பிசகாகப் பட்டது. கொஞ்ச நேரம் படலையில் நின்று பார்த்த பிறகுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் இடக்கைப் பக்கம் நிற்கும் புகைக்கூண்டு இங்கே வலக்கைப் பக்கம் நின்றது. வாசல் பார்த்த சாத்திரியார் அந்தக் காணிக்கு அப்படியே கட்டினால் சரிவராது என்றாராம். படத்தை மாற்ற மனமில்லை. ட்ரேசிங் துணியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்டர். மனைவியும் படிப்பிக்கிற மகளும் இருந்தார்கள். நான் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். என் வீடும் இதே படம்தான், உத்தரம் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், கொஞ்சம் அளக்க விடுவீர்களா? அளவு நாடாவையும் எடுத்துக் காட்டினேன். போஸ்ற்மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தார். மகள் எழும்பி உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் சீலை மாற்றி, தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் கொண்டு வந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் இருக்கிற வீட்டை மாப்பிள்ளை பகுதிப் பொம்பிளை ஒருத்தி வந்து நோட்டம் விடுவது எங்கள் ஊர் வழக்கம். வருகிறவள் ஒருநாளும் அதற்கென்று வந்ததாகச் சொல்லமாட்டாள். சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது என்பாள், தண்ணீர் குடிக்க வந்தேன் என்பாள், பக்கத்துக் காணி விலைக்கு இருக்கிறதா என்பாள். நான் சொன்ன உத்தரக் கதையை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

"ஐயோ, நான் அதுக்கு வரேல்லை" என்றேன்.

"ஓமோம், எங்களுக்கு விளங்குது" என்றார் மனைவி, இன்னும் அன்பாக. "உங்களுக்குத் தம்பிமார் இருக்கினமோ?"

"ஒருத்தன்."

"என்ன செய்யிறார்?"

"கொழும்பிலை வங்கியிலை."

"கலியாணம்?"

"இல்லை."

உண்மையைத் தவிர வேறொன்றும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு உண்மையும் என்னை இன்னும் ஆழமாகக் குழிக்குள் இறக்கியது. ஒரு நன்மை, வீட்டை முழுக்க அளக்க விட்டார்கள். கணப்பு மாடத்தை அவர்கள் சாமி அறை ஆக்கியிருந்தார்கள். உள்ளே வேலும் முருகன் படமும் தூங்காவிளக்கும். கற்பூரப் புகை நேரே மேலே போய் வெளியேறும். மூன்று புகைக்கூண்டில் அது ஒன்றுதான் புகையைக் கண்டது. மண்டபத்து நீள அகலம், மாடத்தின் அகலம், பின்சுவர் எல்லாம் எங்கள் வீட்டோடு அங்குலம் பிசகாமல் பொருந்தின. ஆனால் உத்தரம் இங்கேயும் கல்லுக்குள் நுழைந்து மறைந்தது. அதற்குள் என்ன நடக்கிறது என்பதை ஆசாரமாக இருக்கும் முருகனிடம்தான் கேட்க வேண்டும்.

மகள் நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். தாய் தகப்பன் கேட்காத தூரத்தில் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, தம்பி என்ன உயரம்?"

"ஐஞ்சடி எட்டு" என்றேன், அளந்துகொண்டிருந்த வாக்கில். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். எந்த ஊர் என்றும் கேட்டாள். கொக்குவில், கோச்சி வீடு என்று கேட்டால் காட்டுவார்கள் என்றேன்.

திரும்பி வரும் வழியில் இந்திய ஆமியின் காவல் சென்றியில் மறித்தார்கள். அங்கே நின்றவன் தமிழ் தெரிந்த பெடியன். நான் கீறின படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடுவில் இருக்கிற இந்தச் சதுரம் என்ன என்று கேட்டான். வீட்டுக்குள் நெருப்பு மூட்டுகிற இடம் என்றேன். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஊர்லயா?" என்றான். போகச் சொல்லிவிட்டான்.

அடுத்த நாள் சுன்னாகத்தில் கோச்சி வீடு என்று கேட்டதற்கு எல்லோரும் ஸ்ரேசனைக் காட்டினார்கள். கையால் புகைக்கூண்டைக் காற்றில் கீறிக் காட்டினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு வளைவைக் கீறினேன். மூன்று வளைவு வைத்த வீடா, அது சந்தைக்குப் பின்னால் வெங்காய வியாபாரியின் வீடு என்றார்கள். போய்ப் பார்த்தால் வளைவு இருக்கிறது, முறுக்குத் தூண் இருக்கிறது, புகைக்கூண்டைக் காணோம். ஓடு ஒரு பள்ளம் மேடு இல்லாமல் தட்டையாக ஓடியிருந்தது.

வியாபாரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கதைத்து வீணாக்க நேரமில்லாத மனிதர்.

"இங்கை புகைக்கூண்டு ஒண்டு இருந்ததெல்லோ?" என்று கேட்டேன்.

"இருந்தது. எங்கடை ஐயா இடிச்சுப்போட்டார். காகம் கூடு கட்டிக் கட்டிச் சுள்ளியெல்லாம் மண்டபத்துக்கை விழுந்துதாம். நான் அப்ப பிறக்கேல்லை."

"அதுக்குப் பிறகு கூரைக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?"

"பாருங்கோவன். நிக்குதுதானே."

நின்றது. நான் வெங்காயச் சாக்கு ஒன்றில் இருந்துவிட்டேன். மாமா சொன்னது சரி, நான் வீணாக ஆடியிருக்கிறேன். என் சொல் பிழையாகிப் போவது எனக்குப் பிடிக்காது. அதுவும் மாமாவிடம். மண்டபம் முழுக்க வெங்காயப் பிடிகள் தொங்கின. காரத்தில் கண் எரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அந்த வெங்காயமெல்லாம் எதைச் சுற்றித் தொங்குகிறது என்று பார்த்தேன். மண்டபத்தின் இடப்பக்கத்தில், நிலத்திலிருந்து கூரை வரைக்கும், ஒரு முழுப் பனைமரக் குற்றி. வீட்டுக்குள் ஒரு பனை!

"உந்த மரம் ஏன் உங்கை நிக்குது?"

"வெங்காயம் கட்ட."

"வெங்காயம் கட்டக் கயிறு போதுமே. முதல் எப்ப நிறுத்தினது?"

அவர் தலையைச் சொறிந்தார். "புகைக்கூண்டை இடிச்ச கையோடை நிறுத்தினதெண்டு அம்மா சொல்லுறவ."

நான் அவரைக் கேட்காமலேயே வெங்காயப் பிடிகளை விலக்கினேன். சாக்குகளை அடுக்கி அதன் மேல் ஏறினேன். இங்கே சீலிங் கழற்றிக் கிடந்ததால் எல்லாம் வெளியாகத் தெரிந்தது. பெரிய உத்தரம் வந்து பனைக்குற்றியின் தலையில் படுத்திருந்தது. அதைத் தாண்டி ஒரு சாண் நீண்டு, வெறும் காற்றில் முடிந்தது. வாளால் அறுத்த பழைய முனை. அங்கிருந்து பின்சுவருக்கு இன்னும் இரண்டு முழம் இருந்தது. உத்தரம் புகைக்கூண்டுக்குள்ளேயே முடிகிற மாதிரித்தான் படம் போட்டிருக்கிறார்கள். புகைக்கூண்டை எடுத்த மனிதர் கூரை தாழ்வதைக் கண்டு ஓடிப்போய்ப் பனையை நிறுத்தியிருக்கிறார்.

சாக்குக்கு மேலேயே நின்று சிரித்தேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. வியாபாரி எனக்கு விசர் என்று நினைத்திருப்பார். ஆனால் போகும்போது இரண்டு பிடி வெங்காயம் தந்தார், நல்ல மனிதர்.

அன்று பின்னேரமே படத்தை மாமாவுக்கு முன்னால் விரித்தேன். மூன்று வீட்டின் அளவும் ஒன்று என்று காட்டினேன். பனைக்குற்றியைக் காட்டினேன். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டார், கழற்றினார்.

"சுன்னாகத்து ஆள் வெட்டி மிச்சம் பிடிச்சிருப்பான். எங்கடை ஐயா அப்பிடி விட்டிருக்கமாட்டார். நீ கடதாசியிலை கீறுறாய் பிள்ளை, நான் வெயிலிலை நிண்டு வேலை செய்தனான்."

"ரோட்டுத்தானே போட்டனீங்கள்!" என்றேன். வாய் முந்திவிட்டது. அம்மா என்னை ஏசினார். மாமா எழும்பிப் போனார், திங்கள் வேலை தொடங்கும் என்று படலையில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

திங்கள் காலை மேசனும் கையாளும் கூரையில் ஏறிவிட்டார்கள். நான் கந்தோருக்குப் போகவில்லை. அம்மாவின் கட்டிலை ஒற்றையாளாக இழுத்துப் பின் அறைக்குள் போட்டேன். மேலே இரும்பு கல்லில் படும் சத்தம் கேட்டது. புகைக்கூண்டின் தலைக் கல் ஒவ்வொன்றாக முற்றத்துக்கு இறங்கியது. அந்தக் கல்லுக்கு ஒன்றும் இல்லை. கூரை மட்டத்துக்குக் கீழே வந்தால்தான் ஆபத்து. மத்தியானத்துக்குள் வந்துவிடுவார்கள். மாமா குடையோடு கீழே நின்று மேற்பார்வை செய்தார்.

அந்த நேரம் படலையில் ஒரு பழைய கார் வந்து நின்றது. போஸ்ற்மாஸ்டரும் மனைவியும் இறங்கினார்கள். நான் அவர்கள் வீட்டைப் பார்த்தேனாம், அவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டாமா! மாமா அரை நிமிடத்தில் எல்லாம் விளங்கிக்கொண்டார். குடையை மடக்கினார், சால்வையைச் சரிசெய்தார், வாங்கோ வாங்கோ என்று குழைந்தார்.

போஸ்ற்மாஸ்டர் மண்டபத்துக்குள் வந்ததும் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பிக் கை கூப்பினார். அங்கே வெறும் சுவர். பிறகு இடப்பக்கம் திரும்பினார். மாடம் முழுக்க சாந்தும் தூசியும் கொட்டிக் கிடந்தது. மனிதரின் முகம் கறுத்துவிட்டது.

"என்ன இது? சாமி இருக்கிற இடத்தையோ இடிக்கிறியள்?"

"சீச்சீ, இடிக்கேல்லை" என்றார் மாமா. வெளியே ஓடிப்போய் மேலே பார்த்துக் கத்தினார். "டேய், இறங்கு! இறங்கடா கீழை!"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இரண்டு ஊர் அலைந்து, வெங்காயச் சாக்கில் ஏறி, அங்குலம் அங்குலமாக நான் காட்டினதற்கு அசையாத மாமா, சம்பந்தி ஆகலாம் என்ற ஒருவர் முகம் சுளித்ததற்கு வேலையையே நிற்பாட்டிவிட்டார். ஆனால் கோபப்பட்டு நிற்க நேரமில்லை. போஸ்ற்மாஸ்டர் காரில் ஏறினதும் மாமாவின் மனம் மாறிவிடும்.

"நிப்பாட்டினது நிப்பாட்டினதாக இருக்கட்டும். போஸ்ற்மாஸ்டர் ஐயாவுக்கு முன்னாலை ஒரேயொரு கல்லைக் கழட்டிப் பாப்பம், உத்தரம் நுழையிற இடத்திலை" என்றேன்.

விருந்தாளிக்கு முன்னால் மாமாவால் மறுக்க முடியவில்லை. மேசன் ஏணி வைத்து, சீலிங் பலகை இரண்டைத் தட்டி எடுத்து, உத்தரத்துக்குப் பக்கக் கல் ஒன்றை மெல்ல நெம்பி இழுத்தான். டோர்ச் அடித்துப் பார்த்தான். இறங்கி, டோர்ச்சை மாமாவிடம் கொடுத்தான். மாமா ஏறினார். கையை உள்ளே விட்டுத் தடவினார்.

இறங்கினபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் சொன்னார்.

"உத்தரம் அதுக்குள்ளைதான் முடியுது. அது மட்டுமில்லை அக்கா, அதைத் தாங்கிற கல்லு வெடிச்சுக் கிடக்கு. ஷெல் விழேக்கை வெடிச்சிருக்க வேணும்."

அந்த வெடித்த கல்லுக்குக் கீழே அம்மா ஐந்து மாதம் படுத்திருக்கிறார். வென்றதை நினைத்துச் சந்தோசப்படக்கூட முடியவில்லை. அம்மா தானும் ஏற வேண்டும் என்றார். ஒருவர் சொல்லையும் கேட்கவில்லை. நான் பின்னால் பிடித்துக்கொள்ள, மூன்று படி ஏறி, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு மேசனைக் கூப்பிட்டார்.

"தம்பி, முத்தத்திலை கிடக்கிற வளைவுக் கல்லையெல்லாம் உள்ளுக்கு எடு. உத்தரத்துக்குக் கீழை நிலத்திலையிருந்து கட்டிக்கொண்டு வா. நல்லாத் தடிப்பாக் கட்டு."

மாமா திடுக்கிட்டார். போஸ்ற்மாஸ்டரையும் மனைவியையும் ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அப்ப முன்பக்கம்? வளைவு வேண்டாமோ? நாலு பேர் வந்து போற வீடு."

"வாறவை வெளியிலை நிண்டு பாத்திட்டுப் போயிடுவினம்" என்றார் அம்மா. "நாங்களெல்லோ உள்ளுக்கை படுக்கிறம்."